வாசலுக்கு அள்ளிப் போட்ட தார்

எங்கள் வீட்டைக் கட்டியபோது சாலையிலிருந்து நான்கு படி ஏறித்தான் உள்ளே வரவேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு அந்த நான்கு படியும் ஏறும்போது, எந்த மகராசன் இவ்வளவு உயரத்தில் கட்டினானோ என்று மனசுக்குள் திட்டுவேன். கட்டிய மகராசன் என் மாமனார். அப்படித் திட்டியதற்குப் பிற்பாடு பல மழைக்காலங்களில் மனசுக்குள்ளேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

காரணம், சாலை வளர்ந்தது. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பக்கம், சாலையின் இரண்டு ஓரமும் வீடு வைத்திருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. சில வருடங்களுக்கு ஒருமுறை பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுவிட்டுப் போவார்கள். சாலை பளபளவென்று இருக்கும், எல்லோரும் சந்தோஷப்படுவோம். மழை வந்த பிறகுதான் ஒரு படி காணாமல் போனது தெரியும். நான்கு மூன்றாகி, மூன்று இரண்டாகி, கடைசியில் ஒற்றைப் படிதான் மிச்சம், அதிலும் பாதி. போன ஐப்பசியில் சாலையோரம் ஓடிய தண்ணீர் அந்தப் பாதிப் படியையும் தாண்டி வாசல் நிலையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

முன்னறைதான் என் தையல் கடை. மோட்டார் வைத்த மெஷின் இரண்டு, ஓரம் அடிக்கிற மெஷின் ஒன்று, தரை முழுக்கத் துணி மூட்டை. தீபாவளி நெருங்கினால் ஊரில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் துணி என் தரையில்தான் கிடக்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மழையும் வரும். இன்னும் ஓர் அடுக்கு ஏறினால் தண்ணீர் கேட்காமலேயே உள்ளே வந்துவிடும். நனைந்து சாயம் போன பட்டுத் துணியை வைத்துக்கொண்டு நான் யார் முகத்தில் முழிப்பது? அதனால் மறுபடி சாலை போடப்போகிறார்கள் என்ற சேதி வந்தபோது ஊரே குதூகலித்தது, நான் மட்டும் மிச்சமிருந்த பாதிப் படியைப் போய்ப் பார்த்தேன்.

சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். மனு எழுதி எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் துறை ஆபீஸுக்கே போனேன். அங்கே இருந்த இளவயசு இன்ஜினியர் நல்ல மாதிரி. மனுவை முழுசாகப் படித்தார். "இந்த வாட்டி பழைய தாரைச் சுரண்டிட்டுத்தான்மா போடுவோம், பயப்படாதீங்க" என்றார். நான் அரை மனசோடு திரும்பினேன்.

அடுத்த வாரமே அறிவிப்பு வந்தது. ஆவணிக் கடைசியில், திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து இரவு, பத்து மணியிலிருந்து விடிகாலை ஐந்து மணி வரை சாலை மூடப்படும், வண்டிகள் மாற்றுப் பாதையில் போகவேண்டும். பகலில் மூட முடியாது, ஒகேனக்கல் போகிற கார்க்காரர்கள் மீன் வறுவல் ஆறிப்போய்விடும் என்கிற மாதிரிப் பறப்பார்கள். இரவில் மூடியதில் எங்கள் வீட்டுக்கு உடனடியாக வந்த பாதிப்பு ஒன்றுதான். என் வீட்டுக்காரர் இந்தச் சாலையில் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். கடைசி டிரிப் ரத்தானதால் எட்டு மணிக்கே வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக ராத்திரி பதினொன்றரைக்கு மேல் மட்டும் பார்த்த மனுஷனை முழுச் சாயங்காலமும் பார்க்க நேர்ந்தது. நான் எது செய்தாலும் பக்கத்தில் நின்று ஒரு கருத்து சொல்வார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஊரின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்தார்கள். பத்தேகாலுக்கு மொத்த ஊரும் சாலையில் இருந்தது. பிறந்ததிலிருந்து லாரிக்குப் பயந்து ஓரமாகவே நடந்த ஜனம், நட்ட நடுவில் கைவீசி நடந்து பார்த்தது. சில பேர் வெள்ளைக் கோட்டின் மேலேயே பாய் விரித்து உட்கார்ந்து சீட்டுப் போட்டார்கள். மாற்றுப் பாதை தெரியாத ஒரு மைசூர் லாரிக்காரர் கன்னடத்தில் வழி கேட்க, என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் சொல்லி, எங்கே டீ நன்றாக இருக்கும் என்பது வரை விளக்கினார். லாரிக்காரர் தலையாட்டிவிட்டுப் போய், நேராக யாருடைய கேழ்வரகுக் கொல்லைக்குள்ளோ இறங்கிவிட்டார் என்று காலையில் கேள்விப்பட்டோம்.

பதினோரு மணிக்குச் சுரண்டுகிற மெஷின் வந்தது. அது போட்ட சத்தத்தில் ஊர் நாய்கள் எல்லாம் ஏரிக்கரைக்கு ஓடிவிட்டன. பின்னாலேயே வந்த ஜேசிபி, ஓரத்தில் தலைமுறை தலைமுறையாகப் படிந்திருந்த பழைய தாரைப் பாளம் பாளமாகப் பெயர்த்தது. என் வாசலுக்கு முன்னால் ஒரு பெரிய பாளம் புரண்டபோது அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து எண்ணினால் என் இரண்டாவது படி! மாமனார் போட்ட சிவப்புச் சிமெண்ட், ஓரம்கூட உடையாமல் அப்படியே இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ராத்திரி ஒரு மணிக்குப் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் படியைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்தேன். படிக்கு முன்னால் பழையபடி ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் திறந்துகொண்டது. மேட்டுப் பக்கமிருந்து வருகிற மழைத்தண்ணீர் அந்த வழியாக வீடுகளை ஒட்டியே ஓடி, ஊர்க் கோடியிலிருக்கிற சிறுபாலத்தில் போய் விழும். இனி மேலே போடுகிற தார் சாலையோடு நின்று, இந்தப் பள்ளம் திறந்தபடி இருந்தால் போதும். என் வீடு பிழைத்தது.

"அடுத்து படிக்குச் சீமந்தம் எப்போ?" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்த வேலையாட்களுக்குச் சோறு போடுவது என்று முடிவெடுத்தேன். நன்றி பாதி, சாமர்த்தியம் பாதி. வயிறு நிறைந்த ஆட்கள் நம் வாசலில் கவனமாக வேலை செய்வார்கள் என்று ஒரு கணக்கு. எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருக்கிறார். அவருடைய வழி வேறு. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போடவேண்டும் என்கிற அரசாணையை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஸ்கூல் ஸ்கேலோடு தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யாராவது கிட்டே வந்தால் போதும், "எத்தனை மில்லிமீட்டர்? சொல்லுங்க பார்ப்போம்" என்பார். பாவம், கரும்பலகை இல்லாததுதான் குறை. எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பாக வந்தது.

ஆட்கள் எட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவர் அரூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர், ஐம்பது வயசிருக்கும், கட்டை மீசை. மற்றவர்கள் எல்லாம் வடக்கே இருந்து வந்தவர்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி களி கிண்டி, நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, எட்டுப் பேரையும் முன்னறையில் உட்காரவைத்தேன். வடக்கத்தி ஆட்கள் களியை வாயில் போட்டு மென்றார்கள், மென்றார்கள், மென்றுகொண்டே இருந்தார்கள். ஒருத்தர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மேஸ்திரி தனக்குத் தெரிந்த இந்தியில் ஏதேதோ சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் ஓர் உருண்டையைக் குழம்பில் தோய்த்து, பல்லில் படாமல் விழுங்கி, தொண்டையைத் தடவிக் காட்டி, பஸ்ஸில் விசில் அடிப்பதுபோல ஒரு விசிலும் அடித்தார். அதற்கப்புறம் இரண்டாம் முறை களி கிண்ட வேண்டியதாயிற்று.

மேஸ்திரி கை கழுவும்போது, "கட்டிக்குடுத்துப் போன அக்கா வூட்டுல சாப்புட்ட மாதிரி இருந்துச்சுங்க அக்கா. ரோடு வேலைன்னு எத்தினியோ ஊருக்குப் போயிருக்கறோம். தண்ணி கேட்டா பைப்பைக் காட்டுவாங்க. யாரும் உள்ள கூப்புட்டு எலை போட்டதில்லீங்க" என்றார்.

சொல்லவேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. 'அண்ணா, எங்க படிக்கு முன்னாடி இருக்கிற பள்ளத்தை மட்டும் மூடிடாதீங்க.' இவ்வளவுதான். வாய்வரை வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்கு இலை போட்டு, அவர் எழுந்து கை கழுவும்போது, எனக்கு இது ஆகவேண்டும் என்று கேட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது. போட்ட சோற்றுக்குக் கூலி கேட்கிற மாதிரி. என் அம்மா வீட்டில் அப்படிக் கேட்ட ஒரு சித்தப்பாவைப் பற்றி இன்னமும் பேசுகிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு, "மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன். நம் மனசு அவருக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தேன். புதன்கிழமை தக்காளிச் சோறும் முட்டையும் போட்டேன். வியாழக்கிழமை புளிக்குழம்பு, கருவாடு. மூன்று நாளும் மனசைப் பரிமாறினேன், வார்த்தையைப் பரிமாறவில்லை.

புதன்கிழமை ஹெட்மாஸ்டர் பக்கம் தார் போட்டார்கள். அவர் ஸ்கேலைக் குத்திக் குத்தி அளந்து, மூன்று இடத்தில் மறுபடி செய்யச்சொல்லி, இன்ஜினியருக்குப் போன் போட்டு, மேஸ்திரியைச் சாப்பிடக்கூட விடாமல் படுத்திவிட்டார். "பாவம்ங்க நீங்க" என்று நானே மேஸ்திரிக்கு ஆறுதல் சொன்னேன். வியாழக்கிழமை எங்கள் பக்கம். நான் காவலுக்கு உட்காருவதாகத்தான் இருந்தேன். ஆனால் மூன்று ராத்திரி சமைத்த அலுப்பு. நம் ஆள்தானே போடுகிறார், ஹெட்மாஸ்டர் மாதிரி நாமும் தலைமாட்டில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும் என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

விடிகாலை நாலரைக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் மேஸ்திரி. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, வெளிய வந்து பாருங்க."

காலை வைத்தேன். படி இல்லை. இரண்டாவது படி இல்லை, முதல் படியும் இல்லை, பள்ளமும் இல்லை. நிலைப்படியிலிருந்து சாலைவரை ஒரே மட்டமாக, வழவழவென்று, இன்னும் சூடு ஆறாத தார்.

"லோடுல ஒரு வண்டி கலவை மீந்துச்சுங்க. எப்பவும் எங்கனாச்சும் கொட்டிட்டுப் போவோம். நம்ம அக்கா வூட்டு முன்னாடிதான் போடணும்னு எல்லாருமே சொல்லிட்டாங்க. மாமா டெய்லி பைக்கத் தூக்கித் தூக்கிப் படியேத்தறாரு பாருங்க, இனிமே அப்படியே ஓட்டிக்கினு உள்ள வரலாம். ரோலர் நாலு தடவ வுட்டிருக்கறேன், இருவது வருசத்துக்கு அசையாது."

பின்னால் ஏழு பேரும் நின்று என் முகத்தையே பார்த்தார்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு, தூங்கப் போகாமல், ஒரு மணி நேரம் மண்வெட்டியால் அள்ளிப் போட்டு நிரவியிருக்கிறார்கள். களி விழுங்கத் தெரியாமல் கண் கலங்கினாரே, அவர் நெஞ்சில் கை வைத்து எனக்கு வணக்கம் சொன்னார். நான் என்ன சொல்லமுடியும்? "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன். டீ வேறு போட்டுக் கொடுத்தேன்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் வெளியே போய், எதிர்வீட்டைப் பார்த்தார், எங்கள் வாசலைப் பார்த்தார், திரும்பி வந்தார். "சண்டை போட்டவருக்கு அளந்து போட்டிருக்கான். சோறு போட்டவளுக்கு அள்ளிப் போட்டிருக்கான்" என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தும்விட்டார். அன்றைக்கு மதியம் வரை நான் அவரோடு பேசவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஓர் இரவு. வெள்ளிக்கிழமை கோடு போட்டுவிட்டுச் சனிக்கிழமை காலை கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் மனு எழுதினால், 'சாலை சிறப்பாக உள்ளது' என்றுதான் பதில் வரும். சண்டை போட்டுத்தான் ஆகவேண்டும் என்று முடிவுசெய்தேன். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வார லீவு, மதியத்துக்கு மேல் முழுக்க ஒத்திகை. அவர் மேஸ்திரியாக நின்றார். "யாரைக் கேட்டு மூடினீங்க?" என்று ஆரம்பித்தேன். அவர் மேஸ்திரி மாதிரியே தலையைச் சொறிந்து, "தப்புங்களா அக்கா?" என்றார். எனக்கு உடனே மனசு இளகி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். நாலு தடவை ஒத்திகை பார்த்தும் நாலு தடவையும் அங்கேதான் போய் முடிந்தது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சமைக்கக்கூடாது. அடுப்புப் பற்றவைத்தால் வாய் அடைத்துப்போகும். இலை போட்டுவிட்டுக் கேட்பதுதானே கேவலம்? இன்றைக்கு இலையே கிடையாது. எங்களுக்கே மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்தேன்.

பத்து மணிக்குத் தடுப்பு வைத்தார்கள். பத்தரைக்கு மேஸ்திரி வழக்கம்போலச் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, "அக்கா, இன்னிக்கு என்னா கொழம்பு? வாசனையே வரலியே" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. ஓவென்று அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, நான்கு படி, மாமனார், போன ஐப்பசி, பட்டுத் துணி என்று எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர்தான், நாலு வீடு தள்ளி மேட்டுப் பக்கம் போய், ஓரத்துப் பள்ளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் மற்ற வீடுகளை ஒட்டி ஒழுங்காக ஓடிவந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் தாரில் முட்டி நின்றது. ஒரு நிமிஷம் யோசித்தது போலத் தேங்கி, பிறகு திரும்பி நிலைப்படியைத் தாண்டி முன்னறைக்குள் போய், மெஷினின் காலடியில் தேங்கியது.

மேஸ்திரி குனிந்து தாரின் மட்டத்தையும் நிலைப்படியையும் கையால் தடவிப் பார்த்தார்.

"ஐயய்யோ. மழ பேஞ்சா வூட்டுக்குள்ளதான் வரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மூணு நாளா உங்க கையால சாப்புட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதுங்களா அக்கா?" என்றார்.

"சோறு போட்டுட்டு எப்படிங்க கேக்கறது?" என்றேன்.

அவருக்கு அது புரிந்தது. அரூர்க்காரர் அல்லவா, அங்கேயும் இதே வழக்கம்தான். கையிலிருந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

பெயர்க்கிற மெஷின் எல்லாம் வேறு வேலைக்குத் தொப்பூர்ப் பக்கம் போய்விட்டது. இருந்தது கடப்பாரையும் சம்மட்டியும்தான். ரோலர் நாலு தடவை ஓடிய தார். இருபது வருடம் அசையாது என்று அவரே சொன்ன தார். கோடு போடுகிற வேலைக்கு நாலு பேரை அனுப்பிவிட்டு, மேஸ்திரியும் மற்ற மூன்று பேரும் கடப்பாரையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு குத்துக்கும் கையகலம்தான் பெயர்ந்தது. சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் ஸ்கேலோடு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் ஸ்கேலை வீட்டில் வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துவந்து விடியும்வரை வெளிச்சம் பிடித்தார். என் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார். கால் மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அதற்கப்புறம் கருத்து மட்டும் சொன்னார்.

இரண்டு மணிக்கு முதல் படி வந்தது. நாலு மணிக்கு இரண்டாவது. ஓரம் உடைந்து, மூளியாகி இருந்தது, ஆனாலும் வந்தது. பள்ளத்தைச் சிறுபாலத்துப் பக்கம் சரித்துவிட்டு, மேஸ்திரி மறுபடி ஒரு குடம் ஊற்றச் சொன்னார். தண்ணீர் எங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போனது. அவர் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். துண்டால் துடைத்துக்கொண்டு, "குடிக்கத் தண்ணி மட்டும் குடுங்க அக்கா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஓடினேன். பானை கவிழ்ந்திருந்தது, சட்டி கவிழ்ந்திருந்தது. பாலும் இல்லை. பொங்கவைக்க நேரம் இல்லை, ஐந்து மணிக்குத் தடுப்பை எடுக்கவேண்டும், அவர்களுடைய வண்டி ஸ்டார்ட் ஆகி நின்றது. "அரை மணி நேரம் இருங்க, உப்புமாவாவது கிண்டிடறேன்" என்று கெஞ்சினேன். "பரவால்லீங்க அக்கா, வண்டி நிக்காது" என்று சொல்லிவிட்டு, சொம்பை அண்ணாந்து குடித்தார், மற்ற மூன்று பேருக்கும் கொடுத்தார், ஏறிப் போய்விட்டார்.

ஐப்பசி மழை சரியாகத் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டியது. நான் தூங்காமல் வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீர் கீழ்ப் படியை நனைத்தது, மேலே வரவில்லை. ஒரு துணிகூட நனையவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் என் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள். மூன்று நாள் விருந்து வைத்துக் காரியத்தைச் சாதித்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. அவர்களுக்கு என்ன தெரியும்? விருந்து சாப்பிட்ட அன்றைக்கெல்லாம் அவர்கள் எனக்கு ஆகிற மாதிரி ஒன்றும் செய்யவில்லை. கை கொப்புளிக்க எனக்காக உழைத்த அந்த ஓர் இரவில், நாலு பேரையும் வெறும் வயிற்றோடு அனுப்பிவைத்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.